நிறுத்தலும் முகத்தலும்: வாசகர் கேள்வி பதில்

சிறு பிள்ளைகளுக்கு நிறுத்தல், முகத்தல் அளவைகளைக் கற்பிப்பது குறித்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது முடிந்திருக்கிறது. அகன்ற கிண்ணத்தில் உள்ள தண்ணீரை அவள் கண் முன்னாலேயே ஒடுங்கிய, உயரமான குவளைக்கு மாற்றினால் தண்ணீர் கூடிவிட்டது என்று சாதிக்கிறாள். ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் ஏற்பதில்லை. இது கவலைப்பட வேண்டிய விஷயமா?

பதில்: இல்லை. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே இதே சோதனையைப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார். ஏறத்தாழ ஏழு வயதுவரை பிள்ளையின் தீர்ப்பைக் கண்ணில் படும் உயரமே முடிவுசெய்கிறது என்றும், உயரம் கூடியபோது அகலம் குறைந்துவிட்டது என இரண்டையும் ஒருசேரச் சீர்தூக்கும் திறன் அதற்குப் பிறகே அமைகிறது என்றும் அவர் விளக்கினார். தண்ணீரில் இது பிடிபட்ட பிள்ளைக்கு எடையிலும் உடனே பிடிபட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். களிமண் உருண்டையை நீளமாக உருட்டினாலும் மண் அதே மண்தான் என்று ஒப்புக்கொள்ளும் பிள்ளை, அதன் எடையும் மாறவில்லை என்று உறுதியாகச் சொல்லப் பெரும்பாலும் மேலும் ஓரிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே வாதாடிப் பயனில்லை. ஊற்றிப் பார்க்கத்தான் வாய்ப்புத் தர வேண்டும். ஊற்றுவதற்கு முன்பே, "இந்தத் தண்ணீர் அந்தக் குவளையில் எதுவரை வரும்?" என்று கேட்டு, அவள் விரல் வைக்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஊற்றிய பிறகு கோட்டையும் தண்ணீரையும் ஒப்பிட்டு அவளே பேசட்டும். பிறகு அதே தண்ணீரைக் கிண்ணத்துக்கே திருப்பி ஊற்றச் சொல்லுங்கள். இன்னொரு வழியும் உண்டு. குவளையின் விளிம்பு மட்டும் தெரியும்படி அட்டையால் மறைத்துக்கொண்டு ஊற்றிவிட்டு, தண்ணீர் அதே அளவா, கூடியதா என்று கேளுங்கள். தண்ணீர்மட்டம் கண்ணில் படாதபோது "அதே தண்ணீர்தானே" என்று சொல்லும் பிள்ளைகள் அதிகம் என்பதை 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்துக்காட்டினார்கள்.

தாங்கள் கேட்கும் விதத்தையும் சற்றுக் கவனியுங்கள். பதில் சொன்ன பிள்ளையிடம் அதே கேள்வியைப் பெரியவர் மறுபடியும் கேட்டால், முதலில் சொன்னது தவறு போலும் என்று எண்ணிப் பதிலை மாற்றிக்கொள்வது பிள்ளைகளின் இயல்பு. எனவே ஒரு முறை கேட்டதும் நிறுத்திக்கொண்டு, காரணத்தை மட்டும் விசாரியுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். எது கனம் என்று கேட்டால் பெரிய பொருளையே பிள்ளைகள் காட்டுகிறார்கள். நேரடியாகக் கிராம், கிலோகிராம் என்று தொடங்கிவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது, எண்களுக்குள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். அலகைச் சொல்வதற்கு முன் ஒப்பிடுதல் உறுதிப்பட வேண்டும். பெரிய பொருளே கனமானது என்ற எண்ணத்தை அசைக்க, ஊதிய பலூனையும் ஒரு கூழாங்கல்லையும் பிள்ளையின் இரு கைகளில் கொடுத்தாலே போதும். ஆனால் கையை எல்லா நேரத்திலும் நம்ப முடியாது என்பதையும் அடுத்த படியாகக் காட்டிவிடுங்கள். ஒரே எடையுள்ள இரு பெட்டிகளில் சிறியதே கூடுதல் கனமாகத் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் அகுஸ்தான் சார்பாந்தியே 1891-இல் எழுதிவைத்த இந்த மயக்கம் பெரியவர்களையும் விடுவதில்லை, இரண்டும் ஒரே எடைதான் என்று தெரிந்த பிறகும் விலகுவதில்லை. ஒரு பெரிய பெட்டியிலும் ஒரு சிறிய பெட்டியிலும் மணலை நிரப்பி இரண்டையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்து பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாருங்கள். கைகள் ஒன்று சொல்ல, தட்டுகள் இன்னொன்று சொல்லும். தராசு எதற்கு என்ற கேள்விக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இரட்டைத் தட்டுத் தராசு வகுப்பில் இல்லையென்றால், துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான காகிதக் கோப்பைகளைக் கட்டித் தொங்கவிட்டால் ஒப்பிடும் வேலைக்கு அது தாராளமாகப் போதும். எதையும் வைப்பதற்கு முன் வெறும் கோப்பைகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஊட்டிவிடுங்கள். சாய்ந்திருந்தால் மேலே நிற்கும் பக்கத்தில் சிறிது களிமண்ணை ஒட்டிச் சரிசெய்யலாம். வேறொரு தடுமாற்றத்தையும் எதிர்பார்த்திருங்கள். உயரே இருப்பதுதான் அதிகம் என்று மற்ற இடங்களில் பழகிய பிள்ளை, மேலே எழும்பிய தட்டில் இருப்பதையே கனமானது என்று காட்டும். அப்போது அந்தப் பிள்ளையின் கைகளையே பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, ஒன்றில் மட்டும் கனமான பையை மாட்டினால் எந்தக் கை தாழ்கிறது என்பது உடம்புக்கே தெரிந்துவிடும்.

இதற்கு அடுத்ததாகத்தான் எண்ணிக்கை வர வேண்டும். ஒரு டப்பாவைச் சமன்செய்ய எத்தனை கோலிக்குண்டுகள் வேண்டும் என்று இரு குழுக்களிடம் கேளுங்கள். ஒரு குழுவிடம் சிறிய குண்டுகளும் மற்றதிடம் பெரியவையும் இருக்கட்டும். ஒரே டப்பாவுக்கு இரண்டு விடைகள் கிடைக்கும்போது எழும் சச்சரவை அவசரப்பட்டு அடக்கிவிடாதீர்கள். எல்லாருக்கும் பொதுவான ஓர் எடைக்கல் வேண்டும் என்ற முடிவுக்குப் பிள்ளைகளே வந்து சேரும் இடம் அதுதான். கிராம் என்ற அலகை அப்போது அறிமுகம் செய்தால் அது மனனத்துக்குரிய சொல்லாக நின்றுவிடாது.

கேள்வி: அளவுசாடியில் எண்கள் எழுதப்பட்ட கோடுகளைப் பிள்ளைகள் சரியாகப் படிக்கிறார்கள். எண் இல்லாத கோட்டில் தண்ணீர் நின்றால் மட்டும் தவறாகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இதில் இரண்டு வகைத் தவறுகள் உண்டு, பிள்ளை எதைச் செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 100-க்கும் 200-க்கும் இடையே நான்கு சிறு கோடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மூன்றாம் கோட்டில் நின்றால் சில பிள்ளைகள் 103 என்பார்கள். ஒவ்வொரு கோடும் ஒன்று என்பது அவர்களுடைய கணக்கு. வேறு சிலர் நான்கு கோடுகளை எண்ணி, நூறை நான்கால் வகுத்து, 175 என்பார்கள். கோடுகளை எண்ணாமல் இடைவெளிகளை எண்ண வேண்டும். இடைவெளிகள் ஐந்து, ஒவ்வொன்றும் 20 மில்லிலிட்டர், ஆகவே விடை 160.

வாயால் விளக்குவதைவிடப் பிள்ளைகளையே ஓர் அளவுசாடி செய்யவைப்பது நல்லது. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாட்டிலில் மேலிருந்து கீழாக வெற்றுக் காகிதப் பட்டையை ஒட்டி, 50 மில்லிலிட்டர் கொண்ட சிறு கோப்பையால் ஒவ்வொரு முறையும் தலைதட்ட ஊற்றி, மட்டம் நிற்கும் இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகள் சம இடைவெளியில் விழுவதைப் பார்த்த பிறகு, மேலே போகப்போகக் குறுகும் பாட்டிலில் அதையே செய்யட்டும். அங்கே கோடுகள் விலகிக்கொண்டே போகும். ஏன் என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டாலே யாருக்குப் புரிந்திருக்கிறது, யாருக்குப் புரியவில்லை என்பது தெரிந்துவிடும். முதல் கேள்வியை அனுப்பிய வாசகியும் மகளுக்கு ஏழு வயதாகும்போது இதைச் செய்துபார்க்கலாம்.

சாடியைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்க அனுமதிக்காதீர்கள். சமதளத்தில் வைத்து, கண்ணைத் தண்ணீர்மட்டத்துக்கு இறக்கிப் படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். ஒடுங்கிய சாடியில் நீர்ப்பரப்பு ஓரங்களில் சற்று ஏறி நடுவில் குழிந்திருக்கும். குழிவின் அடிமட்டத்தைப் படிப்பதே முறை. அகன்ற சாடியில் தொடங்கும் சின்ன வகுப்புகளுக்கு இந்த நுணுக்கம் தேவையில்லை.

கேள்வி: ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதானே என்கிறான் என் மகன். தவறு என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தண்ணீரைப் பொறுத்தவரை அவன் சொல்வது ஏறக்குறைய சரி, அது தற்செயலாக அமைந்ததும் இல்லை. பிரான்சில் 1795-இல் மெட்ரிக் முறை சட்டமானபோது, ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறையே கிராம் என்று வகுத்தார்கள். 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பதே ஒரு கிலோகிராம் நீர் கொள்ளும் இடம் என்றுதான் வரையறுக்கப்பட்டிருந்தது. இன்று இரண்டும் பிரிந்துவிட்டன: லிட்டர் என்பது பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் கொள்ளளவு, கிலோகிராமோ 2019 முதல் பிளாங்க் மாறிலி என்னும், இயற்பியலில் என்றும் மாறாத ஓர் அளவைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. இந்த வரலாறு தங்களுக்காகச் சொன்னது; மகனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவனுக்கு வேண்டியது மூன்று ஒரு லிட்டர் பாட்டில்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் உலர்ந்த மணல், இன்னொன்றில் பஞ்சு. மூன்றிலும் நிரம்பியிருக்கும் இடம் ஒன்றே. தராசில் வைத்தால் மணல் ஒன்றரைக் கிலோவைச் சுலபமாகத் தொட்டுவிடும், பஞ்சோ பெரும்பாலும் பாட்டிலின் எடையையே காட்டும். வெறும் பாட்டிலை முதலில் நிறுத்து அந்த எடையைக் கழிக்க வேண்டும் என்பதை அவனே கண்டுபிடிக்கிறானா என்று பொறுத்திருந்து பாருங்கள். மின்னணுத் தராசில் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் பொத்தான் இருந்தாலும், ஒரு முறையாவது கழித்தல் கணக்காகச் செய்த பிறகே அதைக் காட்டுங்கள்.

கேள்வி: நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சின்ன வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டாமா?

பதில்: வேண்டாம். நிறை என்பது பொருளில் அடங்கியிருக்கும் பருப்பொருளின் அளவு, எடை என்பது அதை ஈர்ப்பு இழுக்கும் விசை; விசை என்ற கருத்து வந்த பிறகே அந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு. ஆசிரியர் மட்டும் மனத்தில் வைத்திருக்கட்டும்: இரட்டைத் தட்டுத் தராசு நிலவிலும் இதே விடையைத் தரும், சுருள்வில் தராசு ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டும்.

கேள்வி: பிள்ளைகள் அளக்கிறார்கள், ஆனால் ஒரு பென்சில் இரண்டு கிலோ என்று எழுதினாலும் அவர்களுக்கு உறுத்துவதில்லை. உத்தேசம் வருவதற்கு என்ன வழி?

பதில்: மனத்தில் நிற்கும் சில எடைகளைக் கொடுக்க வேண்டும். அலுவலகங்களில் பயன்படும், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள வகை ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ ஐந்து கிராம். ஐந்நூறு தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. ஒரு தாளையும் ஒரு கட்டையும் கையில் ஏந்திய பிள்ளைக்குக் கிராமுக்கும் கிலோவுக்கும் இடையிலுள்ள தூரம் உடனே விளங்கும். தண்ணீர் நிறைந்த ஒரு லிட்டர் பாட்டில் இன்னொரு நல்ல உரைகல். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் உத்தேசத்தை மையால் எழுதச் சொல்லி, அளந்த விடையை அதன் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பென்சிலால் எழுதவிட்டால், அளந்த பிறகு உத்தேசத்தை அழித்துத் திருத்திவிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போவதற்கு மதிப்பெண் கொடுக்கத் தொடங்கினாலும் இதே கதைதான்.