மாடிப்படிக் கதவின் சாவி குடியிருப்பவரிடமும் இருக்க வேண்டும்

வாடகைக் குடியிருப்பின் வாசற்கதவுப் பூட்டு இறுகிக்கொண்டதால் நீங்கள் குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டுக்கொண்டதாகவும், பூட்டுக்காரரை வரவழைத்தும் மாடிப்படியின் கம்பிக் கதவை வீட்டுக்காரர் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றிருந்ததால் அவர் மேலே ஏறி வர முடியவில்லை என்றும், இதற்கு யார் பொறுப்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் அல்லள், பள்ளி ஆசிரியை. காரைக்குடியில் வாடகை வீட்டில் இதே துன்பத்தை அனுபவித்தவள் என்பதாலும், அதன் பின் சட்டத்தைத் தேடிப் படித்தவள் என்பதாலும் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்குள் இருக்கும் பூட்டைப் பற்றிச் சொல்வது உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று பிரித்து வைத்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகள், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலைகள் ஆகியவை உரிமையாளருக்கு. கதவு, அலமாரி, சன்னல் ஆகியவற்றின் கைப்பிடியையும் பூட்டையும் மாற்றுவது குடியிருப்பவருக்கு. எழுத்து வடிவ ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருந்தால் அதுவே செல்லும். ஆனால் வாசல்நிலை இறங்கிக் கதவு கோணியதால் பூட்டு இறுகியிருந்தால் அதைப் பூட்டுப் பழுது என்று ஒதுக்கிவிட முடியாது. மேலும், வெளிப்பார்வைக்குத் தெரியாத பெருங்குறை ஒன்று வீட்டில் இருப்பதை அறிந்திருக்கும் உரிமையாளர் அதைக் குடிவருபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவில் கூறுகிறது. ஆகவே உங்களுக்கு முன் குடியிருந்தவரைத் தேடிப் பிடித்து, இந்தக் கதவைப் பற்றி அவர் முன்பே புகார் சொல்லியிருந்தாரா என்று கேளுங்கள்.

கீழேயுள்ள கம்பிக் கதவின் செய்தி வேறு. அங்கே எந்தப் பழுதும் இல்லை. நன்றாக வேலை செய்யும் பூட்டைக் கொண்டு உங்கள் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முழுப் பொறுப்பும் வீட்டுக்காரருடையது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை.

செக்காலைப் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் நானும் என் அம்மாவும் மகனும் குடியிருந்தோம். கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். இரவு பத்து மணியானதும் வீட்டுக்கார ஐயா கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பார். எங்களுக்கும் ஒரு சாவி வேண்டும் என்று கேட்டபோதெல்லாம், "டீச்சர், சாவி நாலு கைக்குப் போனா அப்பறம் பூட்டு எதுக்கு? ஒரு கூப்பாடு போடுங்க, வந்து திறக்குறேன்" என்பார். ஐப்பசி மழைக்கால இரவு ஒன்றில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் முற்றியது. 108-க்குச் சொன்னேன், வண்டி விரைவாகவே வந்துவிட்டது. தேவகோட்டையில் உறவினர் வீட்டு மணிவிழாவுக்காகக் கீழ்வீட்டார் மாலையிலேயே கிளம்பியிருந்தார்கள் என்பதும், போகும்போது வழக்கம்போலக் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள் என்பதும் படியிறங்கி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கைபேசியை எடுப்பார் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் ஆக்சிஜன் உருளையோடு மருத்துவ உதவியாளர் நிற்கிறார். இந்தப் பக்கம் என் தாய் படிக்கட்டில் சாய்ந்து, பேச முடியாமல் என் கையைப் பிடித்திருக்கிறாள். மூச்சுக்கான முகமூடியையும் குழாயையும் கம்பி இடைவெளி வழியாக நீட்டி, அவர் வெளியிலிருந்து சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குப் பொருத்தினேன். வண்டி ஓட்டுநர் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அடுத்த தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி ரம்பத்தோடு ஓடி வந்து பூட்டை அறுத்தெடுத்தார். அம்மா பிழைத்தார்.

மறுநாள் வந்த ஐயா முதலில் கேட்டது, "பூட்ட அறுக்கச் சொன்னது யாரு?" என்பதுதான். அந்தக் கேள்வியை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அவர் மனைவியான ஆச்சி எதுவும் பேசவில்லை. அன்று மாலையே புதுப் பூட்டு வாங்கி வரச் செய்து, "இத நீயே வச்சுக்க, ஆத்தா" என்று ஒரு சாவியை என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்காரர்களை எல்லாம் நான் கொடியவர்களாகக் காட்டுகிறேன் என்று சிலர் எழுதக்கூடும். அப்படி இல்லை. ஆளில்லாத பெரிய வீடுகளில் தேக்கு மரமும் பித்தளைச் சாமானும் களவு போன செய்திகளைக் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது, பயம் நியாயமானது. ஆயினும் அந்தப் பெரிய வீடுகளைக் கட்டியவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். அவர்கள் முகப்பை ஒரு தெருவிலும், பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்ற உட்பகுதிகளைக் கடந்து பின்வாசலை அடுத்த தெருவிலும் வைத்தார்கள். இன்று கட்டப்படும் மாடி வீடுகளிலோ சன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி அடித்து, இறங்குவதற்கு ஒரே ஒரு படிக்கட்டை விட்டு, அதையும் பூட்டுகிறார்கள். மின்மீட்டர் பெட்டியும் இருசக்கர வண்டிகளும் பெரும்பாலும் அந்தப் படிக்கட்டின் அடியிலேயே இருக்கின்றன. அங்கே தீப்பிடித்தால் புகை படிவழியாகவே மேலேறும் என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒருவரைக் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிச் செல்ல முடியாதபடி முறைகேடாக அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆவது பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2024 ஜூலைக்கு முன் இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 342-ஆவது பிரிவாக இருந்தது. மறதியால் பூட்டியதும் வேண்டுமென்றே பூட்டியதும் ஒன்றல்ல என்பதால், உடனே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாவி வேண்டும் என்று நீங்கள் எழுத்தில் கேட்ட பிறகும் அவர் மறுத்துப் பூட்டினால், மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்புவது அவருக்குக் கடினம்.

எனவே இன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும், சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதமும் அனுப்புங்கள். நடந்த நாளையும் நேரத்தையும் குறித்து, கம்பிக் கதவுக்கு ஒரு சாவி கேட்டு, அது தொலைந்தால் பூட்டு மாற்றும் செலவை நீங்களே ஏற்பதாகவும் எழுதுங்கள். அவருடைய பயத்துக்கு அது நேரான பதில். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் ஒரு திருப்புளி வைத்திருங்கள்: உள்நோக்கித் திறக்கும் கதவின் கீல்கள் பெரும்பாலும் உள்பக்கமே இருக்கும் என்பதால், பூட்டு இறுகினாலும் கீலைக் கழற்றப் பார்க்கலாம். அதுவும் இயலாவிட்டால் 101 அல்லது 112-ஐ அழையுங்கள். பூட்டை உடைத்ததற்கு வீட்டுக்காரர் கோபிப்பாரே என்று தயங்காதீர்கள். பூட்டுக்காரர் கொடுக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாசற்பூட்டுக்கான கூலியை நீங்கள் ஏற்றுக்கொண்டு, கம்பிக் கதவால் அவர் திரும்பிப் போய் மறுபடி வந்ததற்கான கூலியை மட்டும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.