அமெரிக்கத் தேதியைக் காட்டி இங்கே விலை பேசுகிறவர்கள்

கேள்வி: நாங்கள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்காக என் அம்மாவுக்குக் கோவையில் பால்போசிக்லிப் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்து வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவர், இதற்கு 2027 வரை காப்புரிமை இருப்பதால் கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதெல்லாம் போலி என்கிறார். ஆதாரமாக ஓர் அச்சுத்தாளும் கொடுத்தார். உண்மையை எங்கே பார்ப்பது?

பதில்: அந்தத் தாளில் இருக்கும் தேதி பொய்யல்ல, ஆனால் அது அமெரிக்காவின் தேதி. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிடும் ‘ஆரஞ்சு புக்’ பட்டியல் அங்குள்ள காப்புரிமைகளை மட்டுமே சொல்லும். அங்கே காலத்தை நீட்டித்துக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது, இங்கே இல்லை. இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். பால்போசிக்லிப் மூலக்கூறுக்கான சர்வதேச விண்ணப்பம் 2003 ஜனவரியில் தாக்கலானதால், இங்கே அதன் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதன் பிறகு உள்நாட்டு நிறுவனங்கள் பலவும் தயாரிக்கத் தொடங்கியதால்தான் விலை இறங்கியது. உங்களிடம் போலிக்கு அடையாளமாகக் காட்டப்பட்ட குறைந்த விலை, காப்புரிமை முடிந்ததன் விளைவு.

நீங்களே பார்க்க விரும்பினால், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தேடுதளம் இலவசம். ஆனால் அதில் மருந்தின் பெயரை அடித்தால் மூலக் காப்புரிமை பெரும்பாலும் வராது. விண்ணப்பம் போட்ட காலத்தில் மருந்துக்கு அந்தப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். தலைப்பில் நீளமான வேதிப்பெயர்தான் இருக்கும். ஆகவே முதலில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ‘பாட்-இன்ஃபார்ம்ட்’ தளத்தில் மருந்தின் பொதுப்பெயரை (பிராண்டு பெயரை அல்ல, பால்போசிக்லிப் என்பது போன்ற பெயரை) கொடுத்து, இந்தியா என்று காட்டும் வரியிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை இன்பாஸில் இட்டு மின்பதிவேட்டைத் திறக்க வேண்டும். எந்த மருந்துக்கு எந்தக் காப்புரிமை என்று ஒரே பக்கத்தில் சொல்லும் பட்டியல் ஒன்றை நம் அரசு இன்னும் வெளியிடவில்லை. மருந்து வாங்கக் காசு புரட்டுகிறவர் கேப்சாவோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதுதான் இங்குள்ள ஏற்பாடு.

பதிவேட்டில் மூன்று தேதிகள் தென்படும்: முன்னுரிமைத் தேதி (ஏதாவது ஒரு நாட்டில் முதன்முதலாக விண்ணப்பித்த நாள்), விண்ணப்பத் தேதி, காப்புரிமை வழங்கிய தேதி. படித்தவர்கள்கூட வழங்கிய தேதியிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். கணக்கு சில ஆண்டுகள் பிசகிவிடும். முன்னுரிமைத் தேதியும் உதவாது. சர்வதேச விண்ணப்பத்தின் வழியே வந்த மருந்துக்கு, அந்தச் சர்வதேச விண்ணப்பம் தாக்கலான நாளிலிருந்துதான் 20 ஆண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூலக்கூறின் காப்புரிமை முடிந்தாலும், அதன் வேதி உப்பு வடிவம், படிக வடிவம், மாத்திரையின் கலவை ஆகியவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பம் போட்டு வைத்திருப்பார்கள். தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, சிகிச்சைப் பலன் கூடியிருந்தால் ஒழியக் காப்புரிமை இல்லை என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப் பற்றிய வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆகவே தேடும்போது நாலைந்து எண்கள் வந்தால் மிரள வேண்டாம். ஒவ்வொன்றும் எதற்கானது, வழங்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதியானதா என்று பாருங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருப்பது காப்புரிமை ஆகாது.

மருத்துவர் நாளை, இதே நோய்க்கான, இன்னும் காப்புரிமையுள்ள ரைபோசிக்லிப்புக்கு மாற்றினால் நிலைமை வேறு. அதன் விலை தாங்காமல், கட்டாய உரிமம் (காப்புரிமையாளரின் சம்மதமின்றியே மற்றவர் தயாரிக்கத் தரும் அனுமதி) வழங்கி விலையைக் குறைக்கக் கோரி 2022-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போன நோயாளி, வழக்கு முடியும் முன்பே இறந்துவிட்டார். கட்டாய உரிமம் இந்தியாவில் ஒரே ஒருமுறை, 2012-இல் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கொடுக்கப்பட்டது. மாதம் சுமார் 2.8 லட்ச ரூபாயாக இருந்த விலை 8,800 ரூபாயானது. அந்த வழியை அதன்பின் யாருக்கும் திறக்கவில்லை.

இனி அந்த இடைத்தரகர். காப்புரிமை என்பது தரச்சான்று அல்ல. மாத்திரை அசலா போலியா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பில் இல்லாமல், முன்பணம் வாங்கிக்கொண்டு, வாளையாறு எல்லையைத் தாண்டி வந்து பையில் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் உள்ள ‘வெளிநாட்டுச் சரக்கு’தான் போலியாக இருக்க அதிக வாய்ப்புள்ளது. உரிமம் பெற்ற கடையில், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் போட்ட பில்லோடு மட்டும் வாங்குங்கள். அட்டையில் உள்ள எண் பில்லில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். காருண்யா மருந்தகங்களில் புற்றுநோய் மருந்தை லாபமின்றி விற்கும் கவுண்டர்களைக் கேரள அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. பாலக்காட்டில் விசாரித்து, மருத்துவரிடம் பிராண்டு பெயரோடு பொதுப்பெயரையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.