ஒரு வருசம் தரிசா போட்ட வயல்ல வாழை ஏன் திரும்ப வாடுது?

கேள்வி: சார், களக்காடு பக்கம் ஒரு ஏக்கர் நஞ்சை, பச்சையாத்துத் தண்ணி. ரெண்டு வருசம் முன்ன ரசகதளி போட்டு குலை தள்ளுற நேரத்துல முந்நூறு வாழைக்கு மேல இலை பழுத்து ஒடிஞ்சி தொங்கிப் போச்சி. எல்லாத்தையும் தோண்டி வரப்புல போட்டுட்டு ஒரு வருசம் நிலத்த சும்மா விட்டேன், ஆடுதான் மேஞ்சது. இப்ப பக்கத்துத் தோட்டத்துல கன்னு எடுத்து ஆயிரம் வச்சிருக்கேன், அஞ்சாம் மாசம் நடக்கு, வாய்க்கா ஓரமா ஒரு நாப்பது திரும்ப அதே மாதிரி பழுக்கு. கடைக்காரர் ஒரு மருந்து குடுத்தாரு, இன்னொருத்தர் பிளீச்சிங் பவுடர் கரைச்சி ஊத்தச் சொல்லுதாரு. ஒரு வருசம் சோறு தண்ணி இல்லாம கெடந்த பூஞ்சாணம் எப்படி சார் சாவாம இருக்கும்? அடுத்து திசு வாழை போட்டா தப்பிக்கலாமா? கன்னு மிச்சம் கெடக்கு, ஏர்வாடி மச்சான் கேக்காரு, குடுக்கலாமா?

பதில்: அண்ணாச்சி, மொதல்ல ஒரு காரியம் பண்ணுங்க, மருந்து கிருந்து எல்லாம் பொறவு. பழுத்த வாழையில ஒண்ணு, பாதி பழுத்தது ஒண்ணு, ரெண்டையும் அடியோட சாய்ச்சி தண்டை குறுக்க வெட்டிப் பாருங்க, கிழங்கையும் ரெண்டா பொளந்து பாருங்க. உள்ள வெள்ளையா இருக்க வேண்டிய எடத்துல செம்பழுப்பா கோடு கோடா, கிழங்குல புள்ளி புள்ளியா வளையம் மாதிரி தெரிஞ்சா அது வாடல் நோய்தான், பனாமா வாடல்னு சொல்லுவாங்கல்ல அது. அப்படி இல்லாம கிழங்கு கொழகொழன்னு அழுகி மூக்கைப் பொத்துற நாத்தம் அடிச்சி, வாழையப் புடிச்சி இழுத்தா கழுத்தோட கையில வந்துட்டுன்னா அது பாக்டீரியா அழுகல், அதுக்கு வைத்தியம் வேற. தண்டுல ஓட்டை போட்டு பிசின் மாதிரி வடிஞ்சா கூன்வண்டு. நம்ம ஊருல மூணையும் ஒரே பேர்ல "வாடுது"ன்னு சொல்லி ஒரே மருந்த ஊத்துறதப் பாத்து பாத்து எனக்கு அலுத்துப் போச்சி. நீங்க சொல்லுற அடையாளம், அடி இலை ஓரத்துல இருந்து மஞ்சளாகி காம்போட ஒடிஞ்சி பாவாடை கட்டுன மாதிரி தண்டைச் சுத்தி தொங்குறது, அதுவும் ரசகதளியில, முன்ன நோய் வந்த அதே வயல்லன்னா நூத்துக்கு தொண்ணூறு பனாமா வாடலாத்தான் இருக்கும், ஆனாலும் வெட்டிப் பாத்துருங்க.

இப்ப ஒங்க கேள்விக்கு வாரேன், ஏன்னா இத்தன பேரு கேள்வி அனுப்பினதுல சரியான கேள்வி கேட்டது நீங்கதான். சோறு இல்லாம எப்படி உசுரோட இருக்கு?

பனாமா வாடலக் கொண்டு வாரது ஃப்யூசேரியம்ங்கிற பூஞ்சாணம், அது மூணு விதமா வித்து போடும். அதுல ரெண்டு சின்னது, வாழைக்குள்ள தண்ணி ஏறுற குழாய்ல பரவுறதுக்கு, ஆயுசும் கம்மி. மூணாவதுதான் எமகாதகன், கிளாமிடோஸ்போர்னு பேரு. சாப்பாடு தீந்து போச்சி, வாழை செத்துப் போச்சின்னு தெரிஞ்சதும் பூஞ்சாண இழை அங்கங்க உருண்டு தெரண்டு, சுவரைத் தடியாக்கிக்கிட்டு, உள்ளுக்குள்ள கொழுப்பை சேத்து வச்சிக்கிட்டு மூச்சைக் கொறைச்சிக்கிட்டு தூங்கிரும். நம்ம வீட்டுக் குலுக்கையில வெத நெல்லு கெடக்குல்ல, அது மாதிரின்னு வச்சிக்கோங்களேன், சாவவும் இல்ல, வளரவும் இல்ல. செத்த வாழைத் துண்டு, வேரு, மண்ணு எல்லாத்துலயும் இப்படி ஒளிஞ்சி கெடக்கும், இருவது முப்பது வருசம் வரைக்கும் தாக்குப் புடிக்கும்னு ஆராய்ச்சியில சொல்லுதாங்க. ஒங்க ஒரு வருசம் அதுக்கு ஒரு மத்தியானத் தூக்கம்.

காய்ச்சலத் தாங்குறதுக்கும் அதுகிட்ட சரக்கு இருக்கு. பூஞ்சாணங்க நெறைய ட்ரெஹலோஸ்னு ஒரு சக்கரை செஞ்சி வச்சிக்கிடும், தண்ணி வத்துன எடத்துல அந்த சக்கரை போய் ஒக்காந்து உள்ள இருக்க சவ்வு, புரதம் எதுவும் கெட்டுப் போகாம தாங்கிப் புடிச்சிக்கிடும். பேக்கரிக்காரங்க காஞ்ச ஈஸ்ட் பாக்கெட் வாங்கி வெதுவெதுப்பான தண்ணியில போட்டதும் பொங்கி வருதுல்ல, அதுக்குப் பின்னால இருக்கதும் இந்த சக்கரைதான். நான் நோயியல் படிச்ச காலத்துல பூஞ்சாணத்தப் பத்திரமா வைக்கிறதுக்கு என்ன பண்ணுவோம் தெரியுமா, ஃப்ரிட்ஜ் கூட ரெண்டாம் பட்சம், கொதிக்க வச்சி சுத்தம் பண்ணுன மண்ணுல கலந்து ட்யூப்ல அடைச்சி காய விட்டுருவோம். அப்படி ஒரு ட்யூபை ஆறு வருசம் கழிச்சி எடுத்து ஒரு சிட்டிகை மண்ணை உருளைக்கிழங்கு அகார்ல, அதான் லேப்ல பூஞ்சாணம் வளக்குற கூழ்ல, தூவினேன், நாலாம் நாள் பஞ்சு மாதிரி வெள்ளையா வளந்து அடியில ஊதா கலர் அடிச்சி நிக்கி. அத உசுரோட வைக்கிறதுக்கு நாங்க தேடிப் புடிச்ச எடமே காஞ்ச மண்ணுதான் அண்ணாச்சி, நீங்க அதக் காயப் போட்டு கொல்லலாம்னு நினைச்சிருக்கீங்க.

இன்னொண்ணு, சும்மா போட்டேன்னு சொல்லுதீங்க, ஆடு மேஞ்சதுன்னும் சொல்லுதீங்க. அப்ப புல்லு வளந்திருக்கு. சில களை வேர்ல இந்தப் பூஞ்சாணம் நோய் எதுவும் காட்டாம விருந்தாளி மாதிரி தங்கிக்கிடும், களை பச்சையா இருக்கும், நமக்கு சந்தேகமே வராது. போதாக்குறைக்கு ஆட்டுக் குளம்புல ஒட்டுன மண்ணு அடுத்த வயலுக்கும் போயிருக்கும்.

தூங்குறத எழுப்புறது யாருன்னா வாழைதான். வேர் நுனியில இருந்து சக்கரையும் அமினோ அமிலமும் கொஞ்சம் கொஞ்சமா கசியும், அந்த வாடை பட்டதும் முழிச்சி இழை விட்டு, நூற்புழு கடிச்ச காயம், மம்பட்டி பட்ட காயம் வழியா உள்ள போயி, தண்ணிக் குழாயப் புடிச்சி மேல ஏறுது. வாழையும் சும்மா இருக்காது, குழாய்க்குள்ள கோந்து மாதிரி ஒண்ண விட்டு அடைக்கப் பாக்கும். பூவன் மாதிரி ரகம் இந்த அடைப்பை சீக்கிரமா, நோய் ஏறுறதுக்கு முன்னாலயே போட்டுரும், நோய் வேரோட நிக்கும். ரசகதளி யோசிச்சி யோசிச்சி லேட்டா அடைக்கும், அதுக்குள்ள பூஞ்சாணம் மேல போயிருக்கும், பொறவு போட்ட அடைப்பு மொத்தமும் தனக்கே வினையாகி தண்ணி ஏறாம வாடும். அதனாலதான் வயல்ல தண்ணி நிக்கும்போதே வாழை காஞ்சி போவுது, நீங்களும் தண்ணி பத்தலையோன்னு இன்னொரு மடை தொறந்து விட்டு நோயக் கரைச்சி கீழ்ப் பக்கம் அனுப்பிருப்பீங்க. வாய்க்கா ஓரமா ஆரம்பிச்சிருக்குன்னா தண்ணியோட வந்திருக்கணும், இல்லன்னா பழைய கட்டையப் போட்ட வரப்புல இருந்து எறங்கிருக்கணும். எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது.

மருந்து விசயம். உள்ள குழாய் அடைச்சி இலை தொங்குன வாழைய எழுப்புற மருந்து ஒலகத்துல எங்கயும் கெடையாது, கடைக்காரர் என்ன பாட்டில் குடுத்திருந்தாலும் சரி. ஒரு காலத்துல ஒலகம் பூரா ஏத்துமதி ஆனது குரோ மிஷல்னு ஒரு ரகம், அத இதே நோய்தான் 1950, 60கள்ல மத்திய அமெரிக்காவுல வணிகத் தோட்டங்கள்ல இருந்து தொடைச்சி எடுத்துட்டு. கம்பெனிக்காரங்க கையில பணத்துக்கா பஞ்சம், வயலுக்குள்ள மாசக்கணக்கா தண்ணியக் கட்டி நிறுத்திக் கூடப் பாத்தாங்க, திரும்ப வந்துட்டு. கடைசில ரகத்த மாத்தி கேவண்டிஷுக்குப் போயித்தான் பொழச்சாங்க. பிளீச்சிங் பவுடர் மண்ணுல ஊத்துனா அந்த குளோரின் எருவுலயும் சருகுலயும் பட்டு செலவாகிப் போவும், வித்து வரைக்கும் போய்ச் சேராது, மண்புழுதான் சாவும். அத அரிவாள் கழுவ வச்சிக்கோங்க, அதுவும் மண்ண நல்லா தொடைச்சிட்டு முக்கணும்.

இந்த நாப்பதுக்கு என்ன செய்யன்னா, வெட்டி இழுத்துக்கிட்டு வயல் பூரா போவாதீங்க. நின்ன எடத்துலயே துண்டு போட்டு, கிழங்கத் தோண்டி, அங்கனயே காய வச்சி எரிச்சிருங்க, குழியில ஒண்ணு ரெண்டு கிலோ சுண்ணாம்பு போட்டு மூடுங்க, அந்தக் குழியில திரும்ப கன்னு ஊணாதீங்க. வரப்புல கெடக்க பழைய கட்டையும் சேத்து எரிக்கணும். அதச் சுத்தி ரெண்டு வரிசை வாழை பச்சையா இருந்தாலும் நோய் தொட்டிருக்கலாம்னு வச்சிக்கிட்டு, அதுகளுக்கு மட்டும் கார்பென்டாசிம்ங்கிற பூஞ்சாணக்கொல்லி, 2 சதக் கரைசல் வாழைக்கு 3 மில்லி, கிழங்குல 45 டிகிரி சாய்வா 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊசி போட்டுப் பாருங்க. ஆரம்பத்துல இருந்தா கொஞ்சம் நிக்கும், முழுசா கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன். மீதி வாழைக்கு ட்ரைக்கோடெர்மா, சூடோமோனாஸ்னு நோய்க் கிருமிய அடக்குற நல்ல நுண்ணுயிருங்கள மக்குன எருவுல கலந்து வேர்ப் பக்கம் வைங்க, பாக்கெட்ல தேதி பாத்து வாங்குங்க. ஒரு தப்பு நெறைய பேரு பண்ணுதாங்க, காலையில ட்ரைக்கோடெர்மா வச்சிட்டு சாயந்திரம் கார்பென்டாசிம் ஊத்துறது. ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சாணம்தானே, அந்த மருந்து அதையும் சேத்து கொன்னுரும், ரெண்டு காசும் போச்சி. சூடோமோனாஸ் பாக்டீரியா, அதுக்கு அந்தப் பயம் இல்ல.

நோய் பட்ட பக்கத்துக்கு தண்ணிய கடைசியா விடுங்க, அங்க இருந்து வடியுற தண்ணி நல்ல வாழைக்குள்ள போவாம ஒரு சின்ன கரை போட்டுருங்க. இலை அறுக்க வாரவங்ககிட்டயும் சொல்லிருங்க, ஏன்னா அவங்க ஒரே நாள்ல பத்து தோட்டம் ஏறி எறங்குதாங்க, காலுல ஒட்டுன மண்ணும் கூடவே ஏறி எறங்குது, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, நாமதான் வாளியில மருந்துத் தண்ணி வச்சிருக்கணும். உரத்துலயும் கவனம் வேணும், யூரியா, அம்மோனியம் சல்பேட் அள்ளிப் போட்டா இந்த நோய்க்கு வசதி, மண்ணு புளிப்பா இருந்தா இன்னும் வசதி. மண்ணு டெஸ்ட் பண்ணி பி.ஹெச் கம்மின்னா சுண்ணாம்பு போடலாம், டெஸ்ட் பண்ணாம போட வேண்டாம்.

அடுத்த வெள்ளாமைக்கு வருவோம். நஞ்சைன்னு சொல்லுதீங்க, தண்ணியும் கெடைக்குது, அப்ப பிசானப் பருவத்துக்கு நெல்லு போடுங்க. நெல் வயல்ல தண்ணி கட்டி நிக்கும்போது மண்ணுல காத்து இல்லாம போவும், தூங்குற வித்துல ஒரு பங்கு அதுல சாவும், சேத்தோட மக்குற வைக்கோலும் ஒதவும். எல்லாம் செத்துரும்னு நினைச்சிராதீங்க, எண்ணிக்கை கொறையும், அவ்வளவுதான். தரிசாப் போட்டதுக்கு இது எவ்வளவோ மேல், வீட்டுக்கு அரிசியும் ஆச்சி. ரெண்டு மூணு வருசம் நெல்லு எடுத்துட்டு பொறவு வாழைக்கு வாங்க, வரும்போது பூவனோட வாங்க. ஏத்தனும், அதான் நேந்திரன், ரசகதளி அளவுக்கு இதுல விழாது, அதுக்கு வண்டுதான் எமன். கற்பூரவள்ளி, மொந்தன் பக்கம் போயிராதீங்க, இந்த நோய் விசயத்துல ரெண்டும் ரசகதளிக்கு அண்ணன் தம்பி, அப்படியே விழும். ரசகதளிக்கு கல்யாண சீசன்ல என்ன வெல நிக்கும்னு எனக்கும் தெரியும், எங்க வீட்டுலயும் அது இல்லாம விசேசம் கெடையாது. ஆனா அந்த ஏக்கர்ல மட்டும் வேண்டாம், வேற புது எடம் இருந்தா அங்க வைங்க.

திசு வாழையப் பத்தி ஒரு கொழப்பம் இருக்கு. திசு வளர்ப்புன்னா கன்னு சுத்தமா, நோய் இல்லாம வருதுன்னு அர்த்தம், நோய் வராதுன்னு அர்த்தம் இல்ல. ரசகதளியையே திசுவுல வாங்கி ஒங்க வயல்ல வச்சா, சொல்லப்போனா கெழங்குக் கன்ன விட வேகமா விழும், ஏன்னா அது வேரு பிஞ்சு. நீங்க கேக்குறது ஜி9 ஆ இருந்தா அது கேவண்டிஷ் கூட்டம், நம்ம பக்கம் ரசகதளியக் கொல்லுற ரேஸ் 1ங்கிற பூஞ்சாண வகைக்கு அது பெரும்பாலும் அசையாது. ஆனா அதையும் கொல்லுற டிஆர்4ங்கிற வகை பீகார்ல கட்டிஹார், பூர்ணியா பக்கம் ஏற்கனவே வந்துட்டு. அதனால எங்க இருந்து வருதுன்னு தெரியாத கன்னு, மண்ணு ஒட்டுன கன்னு வாங்கவே கூடாது, சான்று பெத்த லேப்ல இருந்து மட்டும் வாங்குங்க. பூவனோ ஏத்தனோ கிழங்குக் கன்னா எடுத்தா வேரையும் மேல் தோலையும் சுத்தமா சீவிட்டு, உள்ள பழுப்பு புள்ளி ஒண்ணு இருந்தாலும் தூக்கிப் போட்டுட்டு, மீதிய வைங்க.

சந்தேகம் தீரணும்னா, பாதி பழுத்த வாழையோட அடித்தண்டுல ஒரு ஜாண் துண்டு வெட்டி, கழுவாம, நெழல்ல ஈரத்த உலத்தி, பேப்பர்ல சுத்தி கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி நோயியல் துறைக்கு கொண்டு போங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டு கொண்டு போகாதீங்க, வழியிலயே வேர்த்து அழுகி வேற என்னெல்லாமோ வளந்துரும், அங்க இருக்கவங்களால ஒண்ணும் சொல்ல முடியாது. எந்த ரேஸ்னு தெரியணும்னா திருச்சியில தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு.

மச்சானுக்கு கன்னு குடுக்காதீங்க. பச்சையா கொழுகொழுன்னுதான் இருக்கும், நோய் உள்ள ஏறி வெளிய தெரிய மாசக்கணக்கா ஆகும், நீங்க பக்கத்துத் தோட்டத்துல எடுத்தப்பவும் அப்படித்தானே இருந்துச்சி. கோவிச்சிக்கிட்டார்னா இந்தப் பதிலை வாசிச்சிக் காட்டுங்க, அந்த மிச்சக் கன்னையும் நாப்பதோட சேத்து எரிச்சிருங்க.