ஹெட்லைற்றை வீட்டில் கழற்றலாமா?

வாசகர் கேள்விகள்

கேள்வி: யப்பான் கார் ஒன்று வைத்திருக்கிறேன். ஹெட்லைற்றுக்குள் கறுப்பு அடித்து எல்.ஈ.டி. பல்ப் போட ஆசை. வீட்டு அவணில் சூடாக்கித் திறக்கலாமாம், உண்மையா? (சாவகச்சேரி)

பதில்: திறக்கலாம் தம்பி, ஆனால் எல்லா லைற்றும் திறபடாது. கண்ணாடி பொருந்தும் பள்ளத்தில் கறுப்புப் பசை களிபோல அமுங்கினால் அது பியூட்டைல், சூட்டுக்கு இளகும். கல்லுப்போல் இறுகியிருந்தால் கை வைக்காதீர்கள். பல்ப், றப்பர் மூடி, திருகாணி, கிளிப் எல்லாம் கழற்றிவிட்டு, 100 பாகை செல்சியசில் ஏழெட்டு நிமிடம், கம்பித் தட்டில் நேரே படாமல் பலகைத் துண்டின் மேல் வைத்துச் சூடாக்கி, கையுறையோடு ஒரு மூலையிலிருந்து மெல்ல இழுக்க வேண்டும். வரவில்லை என்றால் திரும்பச் சூடாக்குங்கள், நெம்பினால் கண்ணாடி வெடித்துவிடும்.

கறுப்பு அடிப்பது சுற்றியுள்ள அலங்காரச் சட்டத்துக்கு மட்டும்தான். வெள்ளியாக மினுங்கும் கிண்ணத்தைத் தொடவே கூடாது. முதல் தடவை நான் அதில் தூசி இருக்கிறதென்று துணியால் துடைத்தேன், பூச்சு துணியோடு வந்துவிட்டது, அந்த லைற் அதோடு சரி. பெயின்ற் இரண்டு நாளாவது காயட்டும், இல்லாவிட்டால் அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் படியும். ஒட்டும்போது புதுப் பியூட்டைல் போடுங்கள், பின்பக்கத்துக் காற்றுத் துளையைச் சிலிக்கனால் அடைக்காதீர்கள், மாரியில் உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும்.

எல்.ஈ.டி. வேண்டாம் என்றுதான் சொல்வேன். எச்4 பல்ப் (உயர்ந்த ஒளி, தாழ்ந்த ஒளி இரண்டையும் தரும் இரட்டை இழை பல்ப்) ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள் (கண்ணாடியில் விரல் படாமல், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி வெடிக்கும்). இரண்டு இழைகளில் ஒன்றின் கீழே சின்னக் கரண்டிபோல ஒரு தகடு இருக்கும். தாழ்ந்த ஒளி எதிரில் வருபவரின் கண்ணுக்கு ஏறாமல் தடுப்பது அந்தத் தகடுதான். மலிவான எல்.ஈ.டி.யில் ஒளி அதே இடத்திலிருந்து கிளம்பாது, வெளிச்சம் சிதறும். ஆனையிறவு தாண்டி இரவில் ஓடிய எல்லோருக்கும் தெரியும், எதிர் வெளிச்சத்தில் கண் கூசும் அந்த இரண்டு மூன்று செக்கனில் லைற் இல்லாத சைக்கிள் ஒன்று முன்னால் போனாலும் தெரியாது. எந்த வேலை செய்தாலும் கடைசியில் காரைச் சமதரையில் மதிலுக்கு 10 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். தாழ்ந்த ஒளியின் மேல்விளிம்பு, லைற்றின் நடுவுயரத்தைவிட 10 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும், இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறலாம். வலப்பக்கம் ஏறினால் அது வலப்பக்கமாக ஓடும் நாட்டுக்குச் செய்த லைற், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மஞ்சளான கண்ணாடிக்குப் பற்பசை தேய்த்தால் போதுமா? (கோண்டாவில்)

பதில்: கொஞ்ச நாளைக்குத் தெளியும், அவ்வளவுதான். வெயில் அரித்தது மேற்பூச்சை. தண்ணீர் விட்டு 800, 1500, 2000, 3000 என்று வோட்டர் பேப்பரை வரிசையாகத் தேய்த்துப் பொலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் அடியுங்கள். கிளியரை விட்டால் சில மாதங்களில் பழையபடி மஞ்சள்.

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனருக்கு 100/90 வாற்ஸ் பல்ப் போடலாமா? (பருத்தித்துறை)

பதில்: போடாதீர்கள். இரண்டு பல்பும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த டைனமோவின் மொத்தச் சக்தியே 20 ஆம்பியர் அளவுதான், அத்தனை மின்னும் பழைய சுவிச்சுக்குள்ளால் போகிறது. 60/55 பல்ப் போட்டு, றிலே (சிறு மின்னால் பெரு மின்னை இயக்கும் சுவிச்சு) வைத்துப் புது வயர் இழுங்கள், அதிலேயே வெளிச்சம் நன்றாகக் கூடும். அந்த 7 அங்குல வட்டத்துக்கு எச்4 கிண்ணம் இப்போதும் கிடைக்கிறது. எல்.ஈ.டி. வாங்க நினைத்தால் முதலில் பொனற்றைத் திறந்து, பற்றறியின் எந்த முனை காரின் இரும்பு உடலோடு பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். மைனர்களில் அது நேர்முனை. யாரும் மாற்றியிருக்காவிட்டால், இந்தக் காலத்துக் கார்களுக்குச் செய்த எல்.ஈ.டி. அதில் எரியாது, சிலது பழுதாகியும் போகும்.