ராமநாதபுரம் கடற்கரையில் கட்டடக்கலை காலப்போக்கில் எப்படி மாறியது?

கட்டுமானப் பொருளைக் கவனித்தாலே மாற்றம் புரியும். அழகன்குளம் அகழாய்வில் கிடைத்தது பழங்காலச் செங்கல். அப்புறம் கருங்கல். கீழக்கரை பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குள் போய் ஒரு தூண் அருகே நில்லுங்கள். கோயில் தூண் போலவே பட்டை, போதிகை (தூணின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் கல்) எல்லாம் இருக்கும். உருவச் சிற்பம் இருக்காது, பூவும் கொடியும்தான். நம் கல்தச்சர்களின் கைவேலை இரு சமயங்களுக்கும் பொதுவாக இருந்ததற்கு இதைவிட அழகான சான்று வேண்டுமா?

ராமேஸ்வரத்தின் நீண்ட மூன்றாம் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் கட்டியது. தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவரில் பவளக்கல்லின் துளைகளை விரலால் தடவிப் பார்க்கலாம். கடலையே வெட்டி எடுத்துக் கட்டியது போலிருக்கும். பிறகு இரும்பு: 1914இல் பாம்பன் ரயில் பாலம். 2025இல் திறந்த புதிய பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பி வழிவிடுகிறது.