ஆடியவரெல்லாம் ஆட்டுவிக்க முடியுமா? கூடைப்பந்து கேள்வி பதில்

(பதில் சொல்பவர் சென்னையில் ஒரு வங்கி அணிக்குப் பதினோரு வருடம் ஆடியவர். இப்போது மன்னார்குடிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்.)

கும்பகோணம்: மாஸ்டர், ஆட்டத்தை விட்டதும் உடனே பயிற்சியாளர் ஆகிவிட்டீர்களா?

ஆனேன். அதுதான் தப்பு. முதல் நாள் லே-அப் (ஓடி வந்து எழும்பி, ரிங்கின் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது) சொல்லிக் கொடுத்தேன். அதாவது, நானே நாலு தடவை போட்டுக் காட்டினேன். எட்டாவது படிக்கும் ஒரு பெண், "மாஸ்டர், எந்தக் கால் முதல்ல?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது வருடமாகக் கால் தானாகப் போகிறது, எந்தக் கால் என்று யார் பார்த்தது? பந்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நடந்து பார்த்த பிறகுதான் சொன்னேன்: வலது கையால் போடுவதென்றால் வலது கால், இடது கால், அப்புறம் எழும்பு. அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இருக்கிறது.

திருவாரூர்: பையன் 5 அடி 4 அங்குலம். உயரம் பத்துமா, சார்?

மக்சி போக்ஸ் 5 அடி 3 அங்குலம். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் 14 சீசன் ஆடினார், பிறகு பெண்கள் அணி ஒன்றுக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். பையனை அனுப்புங்கள். கோர்ட்டில் நெல் காயப்போட்டிருந்தால், அள்ளிய பிறகு பதரைக் கூட்டாமல் இறங்க வேண்டாம். சிமெண்டுத் தரையில் பதர் கிடந்தால் கால் வழுக்கும்.

மயிலாடுதுறை: இதை நம்பினால் வேலை கிடைக்குமா?

ரயில்வே, வங்கி, சுங்கத்துறை என்று விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. நம் நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் பாதி நாள் கவுண்டரில் பாஸ்புக் பதிந்துவிட்டு, மூன்று மணிக்கு மைதானத்துக்கு ஓடுகிறவர்தான். நானும் அப்படித்தான். தெற்கு ரயில்வேயில் இருந்த அனிதா பால்துரை இந்திய அணிக்கே தலைமை தாங்கியவர். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

தஞ்சாவூர்: சிறந்த ஆட்டக்காரர்தானே சிறந்த பயிற்சியாளர் ஆக முடியும்?

இதற்குத்தான் காத்திருந்தேன். மேஜிக் ஜான்சனைவிடப் பெரிய ஆட்டக்காரர் எத்தனை பேர்? 1994-ல் தான் ஆடிய லேக்கர்ஸ் அணிக்கே பயிற்சியாளராக 16 ஆட்டம் நின்றார். ஜெயித்தது 5, தோற்றது 11. விட்டுவிட்டார்.

ஸ்டீவ் கெரை எடுங்கள். என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 1988 தேர்வில் 50-வது ஆளாக வந்தவர். ஆடிய 910 ஆட்டத்தில் தொடக்க ஐவரில் நின்றது 30 தடவைதான். மிச்ச நாளெல்லாம் பெஞ்ச். ஆனால் 1997 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், சிகாகோ அணியில் கூட ஆடிய மைக்கேல் ஜோர்டானை இரண்டு பேர் மறித்தபோது பந்து கெரிடம் வந்தது, உள்ளே போனது, கோப்பை கிடைத்தது. ஜோர்டானை மறிக்க ஆள் விலகினால் எங்கே இடம் காலியாகும் என்று பெஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. 2014-ல் வாரியர்ஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். முதல் சீசனிலேயே கோப்பை, இதுவரை நான்கு.

பட்டுக்கோட்டை: அண்ணே, பில் ரஸ்ஸலை மறந்துட்டீங்களே?

மறக்கவில்லை, மறைத்தேன். பாஸ்டன் அணிக்கு ஆடி 11 என்பிஏ கோப்பை, அதில் கடைசி இரண்டும் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்து வாங்கியவை. என் வாதத்தில் ஓட்டை விழுந்தது, சரி.

தஞ்சாவூர் (மறுபடியும்): ரஸ்ஸல் தன்னையே ஆடவைத்துக்கொண்டார். அது கணக்கில் வராது!

முதலில் என்னை எதிர்த்தீர்கள், இப்போது எனக்காகச் சண்டை போடுகிறீர்கள். வரும் சார், கோப்பை கோப்பைதான்.

நாகப்பட்டினம்: என்பிஏவில் ஆடாதவர் ஜெயித்ததில்லையா?

எரிக் ஸ்போல்ஸ்ட்ரா. மியாமி அணியில் வீடியோ அறையில் தொடங்கி, அதே அணிக்கு 2012, 2013 கோப்பைகளை வாங்கித் தந்தார். பட்டுக்கோட்டையும் தஞ்சாவூரும் இதற்கும் ஆளுக்கு மூன்று பதில் அனுப்பிவிட்டார்கள். இருவரும் நேரில் வந்து ஒரு ஆட்டம் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கோர்ட்டைக் கூட்டிவிட்டு.

மன்னார்குடி: முட்டி வலிக்கு என்ன எண்ணெய்?

எலும்பு டாக்டரிடம் போங்கள்.

நீடாமங்கலம்: மகளுக்கு உயரம் கம்மி…

மேலே போக்ஸைப் பாருங்கள்.

வேதாரண்யம்: ரிங்கை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

3.05 மீட்டர், அதாவது 10 அடி. டேப்பைத் தரையில் வைத்து அளங்கள், கண்ணை நம்ப வேண்டாம். 2018-ல் கஜா புயலில் சாய்ந்த கம்பத்தை நாங்களே நிமிர்த்தி நட்டோம். நான்கு விரல் கம்மியாகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. பசங்கள் அடிப்பதெல்லாம் உள்ளே போக, நான் ஏதோ பெரிய பயிற்சியாளர் என்று நினைத்துக்கொண்டேன். தஞ்சாவூர் போட்டியில் ஒவ்வொரு பந்தும் ரிங்கின் முன் விளிம்பில் இடித்துத் திரும்பியது. ஊருக்கு வந்ததும் முதலில் டேப்பைத்தான் தேடினேன்.

திருத்துறைப்பூண்டி: மாஸ்டர், உயரம்…

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளையை நேரில் கூட்டி வாருங்கள். வரும்போது ஒரு விளக்குமாறும்.