ஆரம்பகாலக் கணினிகள் ஏன் ஓர் அறையையே அடைத்துக்கொண்டன?

எந்தக் காலத்துக் கணினியானாலும் அடிப்படை ஒன்றுதான்: மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதுமாக இயங்கும் ஏராளமான சுவிட்சுகள். 1945இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான எனியாக் என்ற கணினியில் இந்த வேலையைச் செய்தவை சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே இருக்கும் இழை சூடேறினால்தான் வேலை செய்யும். அதனால் இடம், மின்சாரம், குளிர்விக்கும் காற்று எல்லாமே ஏகத்துக்குத் தேவைப்பட்டன. எடை சுமார் 30 டன். ஆனால் நொடிக்கு 5,000 கூட்டல்கள் போட்டது. அந்தக் காலத்துக்கு அது அசாத்தியமான வேகம்!

1947இல், அதே சுவிட்ச் வேலையைச் செய்யும் டிரான்சிஸ்டர் வந்தது. சூடேற்ற வேண்டிய இழையே இல்லை, அப்புறம் அதைச் சுருக்கிக்கொண்டே போக முடிந்தது. இன்று ஒரு கைபேசிச் சில்லுக்குள் நூற்றுக்கணக்கான கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. சுருங்கி, ஒன்றுக்கொன்று நெருங்கியதால் வேகமும் கூடியது: மைதானத்தின் இரு முனைகளில் நிற்பவர்கள் கத்திப் பேச வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்தால் முணுமுணுத்தாலே போதும். வீடியோ பார்ப்பது போன்ற நம் சாதாரண வேலைக்கே நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகள் தேவை.

அவ்வளவு பெரிய கணினிக்கு நினைவகமும் பெரிதாக இருந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கணக்கின் நடுவே மாறும் எண்களில் 20ஐ மட்டுமே, அதுவும் 10 இலக்கத்துக்குள், எனியாக்கால் தன்னுள் வைத்திருக்க முடிந்தது.